கத்தியைக் கீழே வைத்த இங்கம்மா டாக்டர்

எங்கள் பிரசவ விடுதிக்குப் போன மாதம் மயக்கம் கொடுக்கிற யந்திரம் ஒன்று வந்து இறங்கியது. சக்கரம் வைத்த வண்டி, அதில் இரண்டு இரும்பு உருளைகள், ரப்பர் குழாய், முகத்தில் வைக்க ஒரு கறுப்பு மூடி. ஓய்வு பெற்றுவிட்ட என்னையும் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். இளம் நர்ஸ்களில் ஒருத்தி, "சிஸ்டர், உங்க காலத்துல என்ன வச்சு மயக்கம் குடுத்தீங்க?" என்று கேட்டாள். "ஒரு கம்பி வளையம், கொஞ்சம் துணி, சின்னதா ஒரு பாட்டில்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற மேஜையின் மறுபக்கம் யார் நின்றார் என்பது அந்தப் பெண்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை. அவர் இல்லாவிட்டால் இந்த விடுதியே இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பெங்களூர் தண்டில் பிறந்தவள். இப்போது கண்டோன்மெண்ட் என்கிறார்கள். எங்களுக்கு அது தண்டுதான். அப்பா பட்டாளத்துக்குச் சட்டை தைத்தவர். மிஷன் பள்ளியில் படித்துவிட்டு, அல்சூர் ஏரிக்கு அருகே இருந்த பெண்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படுக்கை விரித்தேன், பாத்திரம் கொதிக்க வைத்தேன், திட்டு வாங்கினேன். தேறிய வருஷமே என்னை அறுவை அறைக்கு மாற்றினார்கள். அங்கேதான் இங்கம்மாவைப் பார்த்தேன்.

அவருடைய பெயர் இங்கெபோர்க். அதன் பின்னால் வரும் குடும்பப் பெயரை நான் கடைசிவரை சரியாக உச்சரித்ததில்லை. நோயாளிகள் அவரை இங்கம்மா ஆக்கிவிட்டார்கள். டென்மார்க்கில் டாக்டருக்குப் படித்து, மிஷன் டாக்டராகத் தென்னாற்காட்டுக்கு வந்து, அங்கே சில வருஷம் இருந்துவிட்டுப் பெங்களூர் வந்தவர். நல்ல உயரம். வெயிலில் சிவந்து சிவந்து கடைசியில் செங்கல் நிறமே ஆகிவிட்ட முகம். தமிழை ஆற்காட்டு நோயாளிகளிடமும் வேதப் புத்தகத்திலும் கற்றுக்கொண்டவர். அதனால் அவரிடம் இரண்டு தமிழ் இருந்தது. சாதாரணமாக, "இன்னாம்மா, எப்ப இருந்து நோவு?" என்பார். கோபம் வந்துவிட்டால் வேதப் புத்தகத் தமிழ் வரும். "நீர் கை கழுவினீரோ?" என்று அவர் மெதுவாகக் கேட்டால் அறையே அடங்கிவிடும். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தெருப் பெருக்குகிறவர் முதல் துரைசாணி வரை யாரையும் 'நீ' என்று சொன்னதும் இல்லை.

அறுவைக்கு முன் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கைகளை முழங்கை வரை தேய்த்துக் கழுவுவார். பிறகு ஈரக் கைகளை மேலே தூக்கிப் பிடித்தபடி நோயாளியின் பக்கத்தில் வந்து நிற்பார். என்ன செய்யப்போகிறார், எங்கே வெட்டப்போகிறார், எழுந்த பிறகு எந்த இடம் வலிக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணாக இருந்தாலும் சரி. "சரிங்களா? செய்யலாங்களா?" என்று கேட்பார். அவள் தலையாட்டிய பிறகுதான் என்னைப் பார்ப்பார்.

என் வேலை அப்போது தொடங்கும். நோயாளியின் கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் வாஸலின் தடவவேண்டும், மருந்து பட்டால் தோல் வெந்துவிடும். கம்பி வளையத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டி மூக்கின் மேல் வைத்து, குளோரோபார்மை ஒவ்வொரு துளியாக விடவேண்டும். முதலில் வளையத்தை முகத்திலிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் பயந்து திமிறுவார்கள். வீட்டில் இருப்பவர்கள் பெயரைச் சொல்லச் சொல்வேன். பெயர்கள் குழறும். பிறகு நிற்கும். அந்த நேரத்தில் தாடையை இரண்டு விரலால் முன்னால் தூக்கி, சுண்டு விரலைத் தாடை எலும்பின் கீழே துடிக்கும் நாடியில் வைத்துக்கொள்வேன். கொஞ்சம் குறைந்தால் மேஜையில் எழுந்து உட்காருவார்கள். கொஞ்சம் கூடினால் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

முதல் நாள் அவர் சொன்னது இதுதான்: "சாராள், நீங்க என் கையைப் பாக்கக் கூடாது. அது என் வேலை. அவங்க மூச்சை மட்டும் பாருங்க. மூச்சு உங்களுது, மத்ததெல்லாம் என்னுது."

அவர் மருத்துவத்தை விட்டு முனிசிபல் கமிஷனில், அதாவது நகரசபையில், போய் உட்காரக் காரணமாக இருந்தது ஒரு ரயில்வே கேட்.

முதல் யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஆஸ்பத்திரிகள், கோர்ட்டு, பிளாக்பள்ளி மார்க்கெட் எல்லாம் இருந்தன. அந்தப் பக்கம் செங்கல் சூளைகள், வண்ணார் துறை, சூளையில் வேலை செய்கிறவர்களின் குடிசைகள். நடுவில் கேட். கூட்ஸ் வண்டிகளைக் கோக்கவும் கழற்றவும் அங்கேதான் நிறுத்துவார்கள். ஒரு தடவை மூடினால் எப்போது திறக்கும் என்று கேட்காரருக்கே தெரியாது.

ஒரு நாள் மத்தியானம் சூளைக்காரன் ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். பெயர் மாரி. மனைவி முனியம்மாளுக்கு விடியற்காலையிலிருந்து வலி, பிள்ளையின் கை மட்டும் வெளியே வந்துவிட்டது, மாட்டு வண்டியில் போட்டுக் கொண்டுவந்தோம், கேட் மூடியிருக்கிறது, நான் மட்டும் கூட்ஸ் பெட்டிக்கு அடியில் நுழைந்து வந்தேன் என்றான்.

இங்கம்மா பையை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். நான் பாட்டிலையும் வளையத்தையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். போய்ப் பார்த்தால் கேட்டுக்கு நேராகக் கூட்ஸ் வண்டி நிற்கிறது. தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. பெட்டிகளின் இடைவெளியில் அந்தப் பக்கத்து மாட்டு வண்டி தெரிந்தது. முனியம்மாளின் குரலும் கேட்டது.

டாக்டர் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். பிறகு பாவாடையை முழங்காலுக்கு மேல் முடிந்துகொண்டு, இரண்டு பெட்டிகளைக் கோத்திருந்த இரும்புக் கொக்கியின் மேல் ஏறினார். கேட்காரர் அந்தப் பக்கத்திலிருந்து பதறிப்போய், "அம்மா, வண்டி எப்ப வேணா நகரும்மா, எறங்குங்க" என்று கெஞ்சினார். "நகர்ந்தா சத்தம் குடுங்க" என்று சொல்லி மறுபக்கம் குதித்துவிட்டார். திரும்பி எனக்குக் கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. நானும் ஏறிக் குதித்தேன்.

கேட்காரரின் அறை அந்தப் பக்கம்தான் இருந்தது. ஒரு கயிற்றுக் கட்டில், அடுப்பு, சுவரில் முருகன் படம். கட்டிலில் முனியம்மாளைக் கிடத்தினோம். பிள்ளை குறுக்கே கிடந்தது. கருப்பை அதை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்த இறுக்கம் தளராமல் உள்ளே கை விட்டுத் திருப்பினால் கருப்பை கிழிந்து தாய் போய்விடுவாள். தளரவேண்டுமானால் மயக்கம் ஆழமாக இருக்கவேண்டும். ஆழமாகப் போனால், காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத அந்த உடம்பு தாங்குமா என்று எனக்குத் தெரியாது.

அடுப்பை முதலில் அணைக்கச் சொன்னேன். நெருப்பு இருந்தால் குளோரோபார்ம் ஆவி விஷமாகிவிடும். கேட்காரர் வாசலில் கல் கூட்டி அங்கே தண்ணீர் காய்ச்சினார். இங்கம்மா கையைக் கழுவினார். அவ்வளவு அவசரத்திலும், தூக்கிய கைகளோடு முனியம்மாளின் முகத்துக்கு நேரே குனிந்து நின்றார்.

"முனியம்மா, பிள்ளை குறுக்கே இருக்குது. உள்ள கை விட்டுத் திருப்பிக் காலைப் பிடிச்சு எடுக்கப் போறேன். உங்களுக்குத் தெரியாது, தூங்கிடுவீங்க. சரிங்களா?"

முனியம்மாள், "உசிரோட இருக்குதா?" என்று கேட்டாள்.

"தெரியல. நீங்க இருக்கீங்க. உங்களை விட மாட்டேன்."

துளி துளியாக விட்டேன். பெயர்களைச் சொல்லச் சொன்னபோது அவள் ஒரே பெயரைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள், மாரி, மாரி என்று. அது நின்றது. "இன்னும்" என்றார் டாக்டர். விட்டேன். "இன்னும் கொஞ்சம்." என் சுண்டு விரலின் கீழே நாடி நூலாகப் போய்க்கொண்டிருந்தது. "டாக்டரம்மா, இதுக்கு மேல முடியாது" என்றேன். "போதும். அங்கியே நிறுத்துங்க" என்றார். வெளியே இன்ஜின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான் முனியம்மாளின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளை வெளியே வந்தது. அழவில்லை. இங்கம்மா அதற்குத் தன் வாயால் ஊதிப் பார்த்தார். நெஞ்சைத் தேய்த்தார். வெகு நேரம் விடாமல் செய்தார். கடைசியில் தன் மேலங்கியைக் கழற்றி அதைச் சுற்றி மாரியிடம் கொடுத்தார். முனியம்மாள் பிழைத்தாள்.

நாங்கள் வெளியே வந்தபோது கூட்ஸ் வண்டி அப்படியே நின்றுகொண்டிருந்தது. இங்கம்மா மாரியிடம், "எப்ப வந்தீங்க கேட்டுக்கு?" என்று கேட்டார். "காத்தாலயே வந்துட்டம்மா. தொறப்பாங்க தொறப்பாங்கன்னு உக்காந்துக்கினு இருந்தோம்" என்றான் அவன். அவர் அந்தப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "காலையில இந்தப் பிள்ளை உயிரோட இருந்திருக்கு, சாராள்" என்றார். அது கோபமா துக்கமா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வருஷம்தான் முனிசிபல் கமிஷன் தேர்தலில் பெண்களும் நிற்கலாம் என்று விதி வந்தது. தண்டவாளத்துக்கு அப்பால் ஒரு பிரசவ விடுதி வேண்டும், அதற்குக் கமிஷன்தான் மனது வைக்கவேண்டும் என்று ஏற்கெனவே பலமுறை எழுதி அலுத்திருந்தார். இப்போது அந்த வட்டாரத்துக்கு நானே நிற்கிறேன் என்றார். ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்குகிறவர்கள் கமிஷனில் உட்காரக் கூடாது என்று விதி. அரசியல் நமக்கு வேண்டாம் என்று மிஷனிலிருந்தும் சொல்லிவிட்டார்கள். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

அவர் வேலையை விட்டுவிட்டார்.

எனக்குத் தாங்கவில்லை. சென்னையிலிருந்துகூட நோயாளிகள் தேடி வந்த கை அது. அறுவை அறையில் கருவிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தவரிடம் நேராகவே கேட்டேன். "இந்தக் கையை வச்சுக்கிட்டு அங்க போய்க் காகிதம் புரட்டப் போறீங்களா? இங்க வர்றவங்களை யார் பாக்கறது?"

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "வர்றவங்களைப் பாக்க வேற டாக்டர் வருவாங்க. வர முடியாதவங்களை யார் பாக்கறது, சொல்லுங்க?"

கடைசிக் கத்தியையும் பெட்டியில் வைத்து மூடினார். அதன் பிறகு அவர் அறுவை செய்யவில்லை.

ஓட்டுக் கேட்க அவரோடு நானும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். வாசலில் நின்று பேசமாட்டார், உள்ளே கூப்பிட்டால் தரையில் உட்கார்ந்துவிடுவார். சூளை முதலாளி ஒருவர், "உங்க ஊரு எதும்மா, லண்டனா?" என்றார்.

"இல்லீங்க. டென்மார்க்."

"அது எந்த ஜில்லா?"

"கடலுக்கு அந்தாண்ட. சின்ன நாடு. தரங்கம்பாடியில கோட்டை கட்டினவங்க எங்க ஜனங்க."

"தரங்கம்பாடியா? அப்ப நம்ம பக்கம்தான்" என்று அவர் திருப்தியாகச் சொல்லிக் காப்பி வரவழைத்தார். ஓட்டும் போட்டார் என்று நினைக்கிறேன். இங்கம்மா கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில்தான் ஜெயித்தார்.

கமிஷன் கூட்டத்தில் பார்வையாளர் பெஞ்சு உண்டு. விடுமுறை நாட்களில் போய் உட்காருவேன். நீண்ட மேஜை, அதைச் சுற்றி ஆண்கள், நடுவில் இவர் ஒருவர்தான் பெண். கிட்டத்தட்ட எல்லோரும் அவருடைய விடுதியை ஆதரித்துப் பேசினார்கள், ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. எதிர்த்துப் பேசியவர் ஒருவரே. மரக்கடை தர்மலிங்கம் என்று பெயர். அல்சூர்க்காரர், வெள்ளை மீசை, ஜரிகைத் தலைப்பாகை. இங்கம்மாவின் பக்கத்து நாற்காலி அவருடையது. "டாக்டரம்மா மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா வரி கட்றவன் நான். ரோட்டுக்கே வழியில்ல, இதுக்கு எங்க போறது?" என்பார். முகத்துக்கு நேராகச் சொல்வார், வெளியே போய் வேறு பேசமாட்டார். இங்கம்மாவுக்கு அவரைப் பிடித்திருந்தது என்பது எனக்கு ஆச்சரியம். "அவர் ஒருத்தர்தான் என்கிட்ட உண்மை பேசறார்" என்பார்.

பிரசவ வலியில் இருக்கும் பெண்ணின் பக்கத்தில் எப்படி உட்காருவாரோ அப்படியேதான் கூட்டத்திலும் உட்கார்ந்திருந்தார். முதுகு நிமிர்ந்து, கைகளை மடியில் வைத்து, அவசரமே இல்லாமல். ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசியாக எழுந்து, "தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எப்போது?" என்று கேட்பார். உட்கார்ந்துவிடுவார். வருஷங்கள் போயின. அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார். ஒருவழியாக விடுதி கட்டினார்கள். ஓடு வேய்ந்த சின்னக் கட்டடம், சில கட்டில்கள், பொறுப்புக்கு நான். அங்கேயே தங்கும் டாக்டர் மட்டும் கிடையாது. ஆபத்து என்றால் இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் வரவேண்டும். அவர் வரும் வழியிலும் அதே கேட்தான்.

இங்கம்மா அல்சூரிலேயே ஒரு சின்ன வீட்டில் இருந்தார், ஊருக்குத் திரும்பவில்லை. இரண்டாம் யுத்தத்தில் ஜெர்மன்காரர்கள் டென்மார்க்கைப் பிடித்தபோது பல மாதங்கள் தங்கையிடமிருந்து கடிதம் இல்லை. அந்த மாதங்களிலும் ஒரு கூட்டத்தைத் தவறவிட்டதில்லை. யுத்தம் முடியும் தறுவாயில் அந்த வீட்டிலேயே காலமானார். நான் சொல்ல வந்தது அதற்கெல்லாம் முன்னால், விடுதி திறந்த மறு வருஷம் நடந்தது.

அன்று சாயங்காலம் கமிஷன் கூட்டம். விடுதிக்கு நிரந்தர டாக்டர் வேண்டும் என்ற அவருடைய தீர்மானம் ஓட்டுக்கு வருகிறது. அதற்கு முன் விடுதியை ஒரு பார்வை பார்க்க மத்தியானம் வந்திருந்தார். கூட்டத்துக்கென்று வைத்திருக்கும் சாம்பல் நிற உடுப்பு. வராந்தாவில் நின்று குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே ஷரீபா என்ற பெண்ணுக்கு அப்போதுதான் பிரசவம் ஆகியிருந்தது. ஆண் குழந்தை, நல்ல குரல். நஞ்சுக்கொடியும் முழுதாக விழுந்துவிட்டது. நான் நிம்மதியாகத் திரும்பியபோது கட்டிலிலிருந்து தரையில் சொட்டும் சத்தம் கேட்டது. ரத்தம். வயிற்றைத் தேய்த்தேன், மருந்து கொடுத்தேன், கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தினேன். நிற்கவில்லை. கருப்பை சுருங்காமல் துணிப் பையைப்போலக் கிடந்தது. டாக்டரைக் கூட்டிவர வண்டிக்காரரை அனுப்பினேன். ஷரீபாவின் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹமாரி பச்சி கு பச்சாவ், அம்மா" என்று, தங்கள் பெண்ணைக் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டே இருந்தார்.

இங்கம்மா வாசலில் வந்து நின்றார். ஒரு பார்வைதான். உடுப்பின் கைகளைத் தோள்வரை சுருட்டினார், கழுவினார். ஷரீபாவின் பக்கத்தில் வந்து, "உள்ள ஒரு கை, வயித்து மேல ஒரு கை. நடுவுல வச்சு அழுத்தப் போறேன். நோவும். சரிங்களா?" என்றார். ஷரீபா கண்ணை மூடித் திறந்தாள்.

உள்ளே போன கையை முஷ்டியாக மூடினார். மேலே இருந்த கையால் கருப்பையை அந்த முஷ்டியின் மேல் வைத்து அழுத்தினார். சொட்டுவது நின்றது. கையைத் தளர்த்தினால் மறுபடி வரும், அதனால் தளர்த்த முடியாது. குனிந்தபடி நின்றார். கேட் மூடியிருக்கிறது, பெட்டிக்கு அடியில் ஒரு பையனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன் என்று வண்டிக்காரர் திரும்பி வந்து சொன்னார். இங்கம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. வெயில் ஜன்னலை விட்டுத் தரைக்கு வந்து, தரையைத் தாண்டிச் சுவரில் ஏறியது. அவருக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. தோள் நடுங்கத் தொடங்கியது. நெற்றி வியர்வையை நான் துடைத்துக்கொண்டிருந்தேன். "நான் கொஞ்சம் மாத்திக்கறேன்" என்றேன். "மாத்தற நேரத்துல போயிடும்" என்றார். பிறகு ஷரீபாவிடம், "பையனுக்கு இன்னா பேரு வைக்கப் போறீங்க?" என்று கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். "நல்லா இருக்குது. இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றார். அவள் தூங்கிப்போகாமல் அப்படியே பேச வைத்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாகக் கேட் திறந்து, ஆஸ்பத்திரியின் இளம் டாக்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து சேர்ந்தபோது, இங்கம்மாவின் முஷ்டியைச் சுற்றிக் கருப்பை கல்லாக இறுகியிருந்தது. வந்த டாக்டர் தொட்டுப் பார்த்தார், நாடி பார்த்தார். "நின்னுடுச்சு" என்றார். அப்போதும் இங்கம்மா நிமிரவில்லை. நிமிர முடியவில்லை. நானும் மாமியாருமாகப் பிடித்து உட்கார வைத்தோம். மூடிய விரல்கள் திறக்கவில்லை. ஒவ்வொன்றாக நான்தான் பிரித்துவிட்டேன்.

"மணி இன்னா?" என்று கேட்டார். "கூட்டத்துக்குப் போவணும்."

ஷரீபாவை டாக்டரிடம் விட்டுவிட்டு நான் ஜட்கா வண்டியில் இங்கம்மாவோடு போனேன். தானாகப் பிடித்து ஏறக்கூட அவரால் முடியவில்லை. போய்ச் சேர்ந்தபோது கூட்டம் பாதி முடிந்திருந்தது. அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். உடுப்பின் சுருட்டிய கைகளை நான் இறக்கிவிட்டிருந்தேன், ஆனால் சாம்பல் துணியில் ரத்தம் தெரிந்தது. எதிரே இருந்தவர்கள் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தன் தீர்மானத்தை இரண்டு வரியில் சொன்னார். "விடுதிக்கு டாக்டர் வேண்டும். அங்கேயே தங்கவேண்டும்."

தர்மலிங்கம் எழுந்தார். ரத்தக் கறையைப் பார்த்தார். கொஞ்சம் தடுமாறினார். ஆனாலும் சொல்ல வந்ததைச் சொன்னார். "என் மனசு எதுவா இருந்தாலும், வரி கட்றவங்க என்னை அனுப்பினது வேற. நான் இதுக்கு ஒத்துக்க முடியாது" என்று சொல்லி உட்கார்ந்தார்.

ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். மேஜையைச் சுற்றிச் சில கைகள் எழுந்தன, வாயால் ஆதரித்தவர்களில் பலர் தூக்கவில்லை. தலைவர் பார்த்துக்கொண்டே வந்து இங்கம்மாவிடம் நின்றார். தீர்மானத்தைக் கொண்டுவந்தவரின் கையே எழவில்லை.

"டாக்டர், ஒரு ஓட்டு குறைகிறது. உங்கள் கை?"

"தூக்கப் பாக்கறேன்" என்றார் இங்கம்மா. "எழும்ப மாட்டேங்குது."

வலது கை மேஜை விளிம்புவரை வந்து மடியில் விழுந்தது. இடது கையால் அதைப் பிடிக்கப் பார்த்தார். அதுவும் நடுங்கியதே தவிர ஏறவில்லை. கை தூக்கினால்தான் ஓட்டு என்பது கமிஷனின் விதி. நான் பார்வையாளர் பெஞ்சிலிருந்து எழுந்தேன். உறுப்பினர் அல்லாதவர் மேஜைக்கு வரக்கூடாது என்று சேவகர் என்னைத் தடுத்தார்.

தர்மலிங்கம் தலைப்பாகையைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "மன்னிக்கணும் அம்மா" என்று சொல்லிவிட்டு, இங்கம்மாவின் மணிக்கட்டை ஒரு கையாலும் முழங்கையை ஒரு கையாலும் தாங்கி மெதுவாக உயர்த்தினார். தன் ஓட்டுக்கென்று அவர் கை தூக்கவில்லை. தலைவர் எண்ணி முடித்து, தீர்மானம் நிறைவேறியது என்று சொல்லும்வரை டாக்டரம்மாவின் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார்.